ஐஓ நிலவின் முரசு

ஜெயரட்ணத்தின் இடது காது செத்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது. சிட்னி முழுவதிலும் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி கமலினி. மற்றவர் சோமபால. மனைவிக்குத் தெரிந்திருந்ததில் அவருக்குக் கவலையில்லை. சோமபாலவுக்குத் தெரியும் என்று நினைத்தால்தான் சோறு இறங்காது.

கிழமை நாட்களில் அவருக்கு செவன் ஹில்ஸில் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை. இயந்திரம் மேலிருந்து இறங்கித் தகட்டை நசுக்கும். இவர் எடுத்து அடுக்குவார். அங்கே அவருக்கு முழுப் பெயர்கூடக் கிடையாது. 'ஜே' என்று ஓர் எழுத்தோடு முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் அவர் மனிதரானார். பரமட்டாவில் ஒரு பழைய மண்டபத்தில் கூடும் இசைக்குழுவில் டிம்பனி வாசித்தார். ஊர்ச் சமையலுக்கு அடுப்பில் ஏற்றலாம் போன்ற செப்புக் கிடாரங்கள் நான்கு, வாயில் இழுத்துக் கட்டிய தோல், தோலை இறுக்கவும் தளர்த்தவும் காலடியில் ஒரு மிதி. கொழும்பில் பகலில் கந்தோரில் கோப்புகளோடு மாரடித்துவிட்டு, மாலையில் பன்னிரண்டு வருடம் இதே முரசை அடித்தவர். அந்த இருக்கையும் போய்விட்டால் மிச்சம் 'ஜே' மட்டும்தான்.

டிம்பனிக்காரனுக்குக் கையைவிடக் காது முக்கியம். ஒரே உருப்படிக்குள் பத்துத் தடவை சுருதி மாற்ற வேண்டி வரும். மற்றவர்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே குனிந்து, தோலோடு காதை ஒட்டாத குறையாக வைத்து, விரலால் சுண்டிப் பார்த்து மிதியைச் சரிசெய்ய வேண்டும். ஒரு காது செத்தவனை எந்த இசைக்குழு வைத்திருக்கும்? தெரிந்த அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

அப்படியானால் இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தார் என்று கேட்பீர்கள். அங்கேதான் வெட்கக்கேடு. இன்னொரு டிம்பனிக்காரராக வலப்பக்கத்தில் நின்றவர் சோமபால. கொழும்பு இசைக்குழுவிலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள்தான். கொழும்பு மண்டபத்தில் கடற்காற்றுப் பட்டால் தோல் தளர்ந்துவிடும். அதற்காக இருவரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்பவனின் சுருதி இறங்கியிருந்தால் நாடியை, அதாவது மோவாயைத் தொடுவது; ஏறியிருந்தால் நெற்றியைத் தொடுவது. பார்க்கிறவர்களுக்கு வியர்வை துடைக்கிற மாதிரி இருக்கும். பரமட்டாவிலும் சோமபால நாடியைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார். ஜெயரட்ணம் கடைக்கண்ணால் பார்த்து மிதியை அழுத்தினார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

எழுபத்தேழு ஆவணியில் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழர் கடைகள் எரிந்த ஒரு பின்னேரம், ஜெயரட்ணமும் கமலினியும் உடுத்த உடுப்போடு சந்துக்குள் ஓடினார்கள். வேறெங்கே போவது? சிங்களவரான சோமபால வீட்டுப் பச்சைக் கேட்டுக்குத்தான் ஓடினார்கள். பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் கைநனைத்தவர் ஜெயரட்ணம். கேட் பூட்டிக் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாடியில் திரைச்சீலை அசைந்தது. மறுபடி கூப்பிட்டார். பின்னால் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் கையில் சைக்கிள் சங்கிலி, ஒருவன் கையில் கூரைச் சட்டம். சட்டம் அவர் தலையின் இடப்பக்கத்தில் இறங்கியது. இரண்டாவது தடவை அது இறங்கும்போது கமலினி குறுக்கே பாய்ந்து கையால் பிடித்தாள். அவளது இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் ஜெயரட்ணத்துக்கு வலது காதில் மட்டும்தான் கேட்டது. தெருமுனையில் நகைக்கடையை உடைக்கிறார்கள் என்று யாரோ கத்த, தங்கள் பங்கு போய்விடுமே என்று அந்த ஐந்து பேரும் ஓடினார்கள். அதனால் உயிர் தப்பியது. கேட் கடைசிவரை திறக்கவில்லை.

கமலினி தாதி என்பதால் அவர்களுக்கு ஆஸ்திரேலியா கிடைத்தது. பென்டில் ஹில்லில் வாடகை வீடு பிடித்து இரண்டு மாதம் ஆகவில்லை, இசைக்குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே இருந்த தன் அக்காவைப் பிடித்து முன்னாலேயே சிட்னிக்கு வந்துவிட்ட சோமபால, இப்படி ஒருவர் இருக்கிறார், விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார். ஜெயரட்ணம் அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ரோசமுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் முரசின் ஆசை அவர் ரோசத்தை விழுங்கிவிட்டது. போனார். சோமபாலவைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். கொழும்பில் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல் பரமட்டா மண்டபத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

எழுபத்தொன்பது பங்குனியில் அமெரிக்க விண்கலம் ஒன்று வியாழனை நெருங்கிப் படம் பிடித்தது. கன்பராப் பக்கத்தில் உள்ள பெரிய தட்டு அன்டெனாவும் அந்தச் செய்திகளை வாங்கியது என்று பத்திரிகைகள் துள்ளின. நம்மவர்களுக்கு வியாழன் குருபகவான். வியாழ மாற்றம் என்றால் கல்யாணம், உத்தியோகம், வீடு வாசல். கமலினியின் சாதகத்தில் அவர் உச்சத்தில் இருந்தார். உச்சத்தில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் போனால் என்ன கதி என்பதை எந்தச் சாத்திரியும் சொல்லவில்லை. விண்கலம் சொன்னது. வியாழனைச் சுற்றும் ஐஓ என்ற நிலா எரிமலையாகக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வியாழன் இழுக்க, மறுபக்கம் மற்ற நிலாக்கள் முறைவைத்து இழுக்க, நடுவில் அகப்பட்ட ஐஓ நாற்பத்திரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாவாகப் பிசையப்பட்டது. அதன் தரை நூறு மீட்டர் ஏறி இறங்கியது. பிசைந்த சூட்டில் உள்ளே உருகி, கந்தகமாக வெடித்து வெளியே வந்தது. பெயரைக் கேட்டதும் கமலினி, ஐயோ என்று பொருத்தமாய்த்தான் வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தாள்.

குழுவின் நடத்துநர் ஹார்ட்லி அந்தப் படங்களைப் பார்த்துச் சாப்பாட்டை மறந்தார் என்று சொல்வார்கள். நாலு மாதத்தில் முழு இசைக்குழுவுக்குமாக இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஓர் உருப்படி எழுதிக்கொண்டு வந்தார். அதில் சோமபாலவின் முரசுகள் வியாழன். ஜெயரட்ணத்தின் முரசுகள் ஐஓ. வியாழன் அடிக்க அடிக்க ஐஓவின் சுருதி ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதாவது ஜெயரட்ணம் இரண்டு கையாலும் உருட்டி அடித்துக்கொண்டே காலால் தோலை இறுக்கித் தளர்த்திப் பிசைய வேண்டும். ஒவ்வொரு பிசைவுக்குப் பிறகும் பழைய சுருதிக்கு இம்மி பிசகாமல் திரும்ப வேண்டும். தலையில் துணி சுற்றிய குச்சி இங்கே செல்லாது, மரத்தலைக் குச்சிதான் வேண்டும் என்றார் ஹார்ட்லி. ஒத்திகையில் அவர் கத்தினார். ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்குப் பின்னால் கேட்கிற சங்கீதம் இல்லை இது, ஓர் உலகத்தைப் பிய்க்கிறார்கள், எனக்கு அது கேட்க வேண்டும் என்றார். பித்தளைக் குழல்கள் பதினொன்றும் ஒன்றாய் அலறும். முரசின் அடி மேடைப் பலகை வழியாக முழங்காலுக்கு ஏறும். முதல் ஒத்திகை முடிந்தபோது குழலூதும் பெண்ணொருத்தி வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

ஜெயரட்ணத்துக்கு அந்த உருப்படி வெறியைக் கொடுத்தது. அடிக்கும்போது அவர் வியாழனைப் பார்க்கவில்லை, ஐஓவைப் பார்க்கவில்லை. பச்சைக் கேட்டைத்தான் பார்த்தார். ஆனால் அந்த அலறலுக்குள் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு சுருதியைப் பிடிக்க முடியவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிச் சோமபாலவின் கையைப் பார்க்க வேண்டி வந்தது. ஹார்ட்லி இரண்டு தடவை பிடித்துக்கொண்டார். பக்கத்து ஆளை அல்ல, என்னைப் பார் என்றார். மூன்றாவது தடவை யோசனையாகப் பார்த்தார். கச்சேரிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு தொழிற்சாலையில் ஓவர்டைம். முடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வர அரைமணி பிந்திவிட்டது. தேநீர் இடைவேளை. மேடையில் ஏறியவர் அப்படியே நின்றார். சோமபாலவின் முரசுகள் பழைய இடத்தில் இருந்தன. பக்கத்தில் வெறும் பலகை. ஐஓவின் நாலு முரசுகளையும் மேடையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பதினைந்து கஜ தூரம். தனியாக, ஒரு தூணுக்குப் பக்கத்தில்.

கோப்பியும் கையுமாக வந்த ஹார்ட்லியிடம் இது என்ன என்று கேட்டார். இது சோமாவின் யோசனை, உனக்கு அதுதான் நல்லது என்று சொன்னார், எனக்கும் சரியாகப் பட்டது என்று சொல்லிவிட்டு ஹார்ட்லி வெளியே போனார்.

உனக்கு அதுதான் நல்லது. ஜெயரட்ணத்துக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. சொல்லிவிட்டான். காதைப் பற்றிச் சொல்லிவிட்டான். முதலில் தள்ளி வைப்பார்கள். பிறகு தட்டுத்தடுமாற விட்டு, பிறகு வெளியே அனுப்புவார்கள். அவன் உள்ளேயே இருப்பான். அன்றைக்குப் பூட்டியவன் இன்றைக்கும் பூட்டிவிட்டான். இப்படியே அவர் தலைக்குள் ஓடியது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் கேட்பதற்கு அந்த மனிதனோடு பேச வேண்டுமே. இரண்டு வருடமாகப் பூட்டி வைத்த வாய் அந்த ஒரு நிமிடத்துக்கும் திறக்கவில்லை.

சோமபால தன் பெரிய முரசின் மேல் குனிந்திருந்தார். வலது காது தோலுக்குக் கிட்ட. விரல் மெதுவாகச் சுண்டிக்கொண்டிருந்தது. இடது காது மேலே தெரிந்தது. ஜெயரட்ணம் தாங்கியிலிருந்து மரத்தலைக் குச்சியை எடுத்தார். குறி பார்த்தார். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. குறி பார்த்துத்தான் அடித்தார். பன்னிரண்டு வருடமும் அதற்கு மேலும் பழகிய மணிக்கட்டு, இம்மி பிசகவில்லை. குச்சியின் தலை காதின் மேல் நேராக இறங்கியது.

சோமபாலவின் முகம் தோலில் மோதி முரசு ஒரு தடவை அதிர்ந்தது. பிறகு அவர் பக்கவாட்டில் சரிந்தார். இசைத்தாள் தாங்கிகள் இரண்டு அவரோடு சேர்ந்து விழுந்தன. ஜெயரட்ணம் விடவில்லை. முழங்காலால் நெஞ்சை அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை ஓங்கினார். அந்த அடி தோளில் பட்டுக் குச்சி முறிந்தது. முறிந்த துண்டோடு மூன்றாவதற்குக் கை போனபோது சோமபால தடுக்கக் கையைத் தூக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபடி கிடந்தார். காதிலிருந்து இரத்தம் கழுத்துப் பட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் ஜெயரட்ணத்தின் கை நின்றது.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் ஜெயரட்ணம் எழுந்து நின்றிருந்தார். ஹார்ட்லி என்ன நடந்தது என்று கத்தினார். ஜெயரட்ணம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் முடிந்தது என்று அந்த நிலையிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. தரையில் கிடந்த சோமபாலதான் பேசினார். புதுக் குச்சியைச் சுழற்றிப் பாரம் பார்த்துக்கொண்டிருந்தான், நான் தெரியாமல் குறுக்கே நிமிர்ந்துவிட்டேன், பிழை என்னுடையது என்றார். ஜெயாவே தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும், மற்றவர்கள் ஒத்திகையைத் தொடருங்கள் என்றும் சொன்னார். ஹார்ட்லி நம்பினாரோ இல்லையோ, கச்சேரி நெருங்கிவிட்டது. இரண்டு டிம்பனிக்காரரும் அவருக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுச் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். ஆறேழு கிழமையில் தானாக ஒட்டக்கூடும், ஒட்டாமலும் போகலாம் என்றார். பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்கள். மருந்து வரும்வரை தாழ்வாரத்தில் இரண்டு கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சோமபால முதலில் மேடை விஷயத்தைச் சொன்னார். வெள்ளவத்தையில் தமிழர் நடுவே இருபது வருடம் குடியிருந்தவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. காதைப் பற்றி ஹார்ட்லியிடம் தான் மூச்சே விடவில்லை என்றார். பக்கத்தில் நின்றால் நீ தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது, ஹார்ட்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதிரெதிரே நின்றால் தலையைத் திருப்பாமலே என் கை உனக்கு நேராகத் தெரியும், அதனால்தான் முரசை அங்கே தள்ளச் சொன்னேன் என்றார்.

ஜெயரட்ணத்துக்கு உடம்பு கூசியது. தான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் சோமபால மேலே பேசினார்.

"அண்டைக்குச் சாவி என்ர கையிலதான் இருந்தது, மச்சான். வேற ஒருத்தரும் என்னைத் தடுக்கேல்ல. நீ கூப்பிட்டது கேட்டுது. ரெண்டு தரமும் கேட்டுது. படியில நிண்டனான். இறங்கேல்ல."

இந்த வார்த்தைக்குத்தான் ஜெயரட்ணம் இரண்டு வருடமாகக் காத்திருந்தார். கேட்கிறோம் என்று தெரியாமலே ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தபோது அந்த மனிதனின் தோளில் கை வைக்கவேண்டும் போலிருந்தது, வைத்தும் இருப்பார். சோமபால கட்டுப்போட்ட காதைத் தொட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி. பாரம் இறக்கியவனின் நிம்மதி.

"இப்ப சரிதானே, மச்சான்?" என்றார்.

ஜெயரட்ணத்தின் கை பாதியில் நின்றது. அப்போதுதான் அவருக்கு முழுக்க விளங்கியது. இருக்கை வாங்கிக் கொடுத்தது, நாடியைத் தொட்டது, அடிக்குக் கை தூக்காமல் கிடந்தது, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது எல்லாம் இந்தக் கேள்வியிடம் வருவதற்குத்தான். ஒரு காதுக்கு ஒரு காது, வா, கைகுலுக்குவோம். கமலினியின் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. ஊசி ஏற்றும்போது நோயாளிகள் அவள் கையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவளிடம் யார் கேட்டார்கள், சரிதானே என்று? தான் அடித்த அடியே இவனுக்கு மருந்தாகிவிட்டது என்று நினைத்தபோது அவருக்கு மறுபடி அடிக்கவேண்டும் போல வெறி வந்தது. அடித்தால் இன்னும் நிம்மதியாகிவிடுவான். அடிக்காமல் எழுந்தார். வாறன் என்றுகூடச் சொல்லாமல் காருக்குப் போனார்.

மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முரசு இல்லாமலே உருப்படி முழங்கிக்கொண்டிருந்தது. ஜெயரட்ணம் நேராக மேடையேறி ஹார்ட்லியின் முன்னால் நின்றார். ஹார்ட்லி கையை இறக்க, எழுபது பேரும் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். சோமபால சொன்னது பொய், நான் வேண்டுமென்றே அடித்தேன், காதைக் குறிபார்த்து அடித்தேன், நீங்கள் வந்திராவிட்டால் இன்னும் அடித்திருப்பேன் என்றார். அதோடு எனக்கு இடது காது கேட்காது, இங்கே சேர்ந்த நாளிலிருந்தே கேட்காது என்றும் சொன்னார். அவருடைய ஆங்கிலம் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் வந்ததில்லை.

ஹார்ட்லி முகம் சிவந்து, பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார். கூப்பிடுங்கள் என்றார் ஜெயரட்ணம். அவர் கூப்பிடவில்லை. இனி இந்த மண்டபத்துக்குள் உன் கால் படக்கூடாது என்று மட்டும் சொன்னார். முறிந்த குச்சியின் துண்டு இன்னும் பலகையில் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போக ஒரு வயலின்காரி வழிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சோமபால மருந்துப் பொட்டலத்தோடு வாசல் படியில் நின்றிருந்தார். ஜெயரட்ணம் தான் செய்துவிட்டு வந்ததைச் சொன்னார். சோமபாலவின் முகத்திலிருந்த நிம்மதி இறங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டார். நான் உன்னைக் காப்பாற்றினேனே, அதை ஏன் உடைத்தாய் என்று கேட்டார். அழுதார். மூக்கு ஒழுகியது. ஜெயரட்ணம் பார்த்துக்கொண்டு நின்றார். இரக்கம் வந்தது, வந்ததை மறைக்கவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை.

"நீ இல்லாட்டி ஐஓவை ஆர் அடிக்கிறது?"

"ரெண்டையும் நீயே அடி," என்றார் ஜெயரட்ணம். "பிசையிறதையும் நீ அடி, பிசைபடுறதையும் நீ அடி. என்னட்டச் சரியோ எண்டு கேளாதை."

பிறகு கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறச் சொன்னார். பஸ் இல்லாத ஞாயிறு அது, காயப்பட்டவன் வீடு போய்ச் சேர வேண்டும். சோமபாலவின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை பார்த்திருந்தார். வண்டியைத் திரும்ப எடுக்கும்போதுதான் அடுத்த ஞாயிறு தனக்குப் போவதற்கு ஓர் இடமும் இல்லை என்பது ஜெயரட்ணத்துக்கு உறைத்தது. வாய்விட்டு அழுதார்.